ஜன்னலுக்குத் தனி வாடகை

"ஊர் எது?" என்று கேட்டார் ரிசப்ஷன்காரர்.

"நாகர்கோவில். வடசேரி."

பேனாவை மூடி ரிஜிஸ்டர் மேல் வைத்துவிட்டார். இருபது கிலோமீட்டர் தள்ளி வீடு இருக்கிறவன், தனியாள், தோளில் ஒரு பை, கன்னியாகுமரியில் ஒரு ராத்திரிக்கு ரூம் கேட்கிறான் என்றால் அவர் மனசில் என்ன ஓடும் என்பது தெரிந்ததுதான். கடற்கரை ஊர் லாட்ஜுகளில் தனியாளுக்கு ரூம் கொடுக்க யோசிப்பார்கள். காலையில் கதவு திறக்காவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியவர் அவர்தானே.

"பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதணும். விடியக்காலம் சூரியன் உதிக்கதைப் பாக்கணும்."

"ஏன், வடசேரியில உதிக்காதோ?"

அதற்குப் பதில் இல்லை. ஆதார் கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். என் பேச்சும் முகமும் ஓரளவு நம்பிக்கை கொடுத்திருக்க வேண்டும். பேனா மறுபடி திறந்தது.

"கடல் பாத்த ரூம் வேணுமா, சாதா போதுமா?"

"என்ன வித்தியாசம்?"

"ஜன்னல்தான். கட்டில், பேன், பாத்ரூம் எல்லாம் ஒண்ணுதான். ஜன்னலுக்கு அறுநூறு ரூவா கூட."

"சூரியன் தெரியுமா?"

"ஜன்னல் தெரியும். சூரியனுக்கு நாங்க கேரண்டி இல்ல, பாத்துக்கிடுங்க."

அறுநூறு ரூபாயை எடுத்து வைத்தேன். படியேறும்போது ஒரு நினைப்பு வந்தது. இதற்கு நேர் எதிரான ஒரு ஹோட்டலில் நான் தங்கியிருக்கிறேன். அங்கே ஜன்னலுக்கு மதிப்பே கிடையாது. ஜன்னலே இல்லாத ஒரு மண்டபத்தை நம்பித்தான் அந்த ஹோட்டலே நிற்கிறது.

மலேசியாவில் கெந்திங் மலை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிற நம்மூர்ப் பேக்கேஜ் கோஷ்டிகளுக்கு அங்கே ஒரு நாளின் நிகழ்ச்சி அநேகமாக இப்படித்தான் இருக்கும்: காலையில் பத்துமலை, மத்தியானம் கெந்திங். 140 அடி முருகனை அண்ணாந்து பார்த்து, 272 படி ஏறி இறங்கி, நெற்றியில் திருநீற்றுப் பட்டையோடு பஸ்ஸில் உட்கார்ந்தால் அடுத்து இறங்குமிடம் சூதாட்ட மலை. ஏற்பாட்டாளர்கள் இதில் முரண்பாடு எதையும் பார்ப்பதில்லை. இரண்டும் கோலாலம்பூரிலிருந்து ஒரே திசையில் இருப்பதால் டீசல் மிச்சம்.

மலையடிவாரத்திலிருந்து கேபிள் காரில் போனோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடி. கீழே காடு இருந்தது, பிறகு மேகம் வந்தது, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. திடீரென்று அந்த வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக ஒரு கட்டடம் வெளியே வந்தது. ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல். 7,351 அறைகள். அறை எண்ணிக்கையில் உலகத்திலேயே பெரிய ஹோட்டல் என்று 2015-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. எங்கள் கோஷ்டியில் இருந்த ஒரு ரிடையர்டு வாத்தியார், கன்னியாகுமரி லாட்ஜ் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இவ்வளவு அறை வராது என்றார். கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அங்கே ஆதாரை முன்னும் பின்னும் பார்க்க ஆள் கிடையாது. ஏடிஎம் மாதிரி ஒரு மெஷினில் விவரத்தைக் கொடுத்தால் அறைச் சாவி அட்டையாக வருகிறது. அறை சின்னது, சுத்தமானது. மேலே பேன்தான், ஏசி இல்லை. மலைக் குளிரில் தேவையும் இல்லை. வாடகையை நம்மூர்க் காசில் போட்டுப் பார்த்தால், நாகர்கோவிலில் ஒரு சுமாரான ஏசி ரூமுக்குக் கொடுக்கிற பணம்தான். ஜன்னலைத் திறந்தேன், மூடுபனி. சாயங்காலம் திறந்தேன், அப்போதும் மூடுபனி. அடுத்த நாள் காலையில் திரைச்சீலையை விலக்கவில்லை.

இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறான் என்று வாத்தியார் லிஃப்டில் கேட்டார். கீழே போய்ப் பார்த்தபோது புரிந்துவிட்டது. உள்ளரங்க ராட்டினங்கள், கடைகள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றையும் கடந்து கூட்டம் ஒரு வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே போக இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும், முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே விளக்குகள், சக்கரங்கள், சீட்டு மேஜைகள், விதவிதமான சத்தத்தோடு ஜாக்பாட் மெஷின்கள். எந்தப் பக்கமும் ஜன்னல் கண்ணில் படவில்லை, கடிகாரமும் இல்லை. வெளியே வந்தபோது மணி என்ன இருக்கும் என்று வாத்தியாரிடம் கேட்டேன். எட்டு என்றார். பதினொன்று ஆகியிருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் அவர் விட்ட தொகை அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவர் மனைவி இந்தப் பத்திரிகையின் வாசகி என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மீன் பிடிக்கிறவன் புழுவுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த மலிவு அறைதான் புழு. ராத்திரி எத்தனை மணியானாலும் மலையிறங்க வேண்டாம், மேலேயே படுக்கலாம் என்று ஆகிவிட்டால், மனுஷன் இன்னும் இரண்டு மணி நேரம் மேஜையில் உட்காருவான். அந்த இரண்டு மணி நேரத்தில் அறை வாடகையைப் போல எத்தனையோ மடங்கு வந்துவிடும். வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ரூலட் சக்கரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் 37 குழி, பூஜ்யத்தோடு சேர்த்து. ஓர் எண்ணில் நூறு ரூபாய் கட்டி ஜெயித்தால் 35 மடங்கு தருவார்கள். நியாயக் கணக்குக்கு 36 மடங்கு தர வேண்டும். அந்த ஒரு மடங்கு வித்தியாசத்தில், கட்டுகிற ஒவ்வொரு நூறிலும் சராசரியாக 2 ரூபாய் 70 பைசா மேஜைக்காரனிடம் நின்றுவிடுகிறது. கள்ளம் ஏதும் செய்ய வேண்டியதே இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மலையைக் கண்டுபிடித்தவர் லிம் கோ தோங். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து 1937-ல் மலாயாவுக்குப் பிழைக்க வந்து, கட்டட கான்ட்ராக்டராக வளர்ந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை பார்த்தபோது அந்தக் குளிர்காற்று அவருக்குப் பிடித்துப்போயிற்று. தலைநகருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மலை இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. 1965-ல் காட்டுக்குள் சாலை போட ஆரம்பித்தார். 1969-ல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வந்து அடிக்கல் நாட்டினார். சூதாட்ட உரிமமும் அதே ஆண்டு கிடைத்தது. 1971-ல் முதல் ஹோட்டல் திறந்தபோது அறைகள் 200. இன்றைக்கும் மலேசியாவில் சட்டப்படி இயங்குகிற காசினோ அது ஒன்றுதான்.

மலிவு அறையும் வேடிக்கை வேஷமும் சேர்ந்த சூத்திரம் லிம்முடையது அல்ல, லாஸ் வேகஸ் பாலைவனத்தில் பிறந்தது. ஜே சார்னோ என்பவர் 1966-ல் ரோமாபுரி வேஷத்தில் சீசர்ஸ் பேலஸைத் திறந்தார். 1968-ல் சர்க்கஸ் கூடார வடிவில் சர்க்கஸ் சர்க்கஸ். சூதாடுகிறவன் தலைக்கு மேலே டிரப்பீஸ் ஆட்டம் நடக்கும். அறையே கட்டாமல் திறந்ததால் கூட்டம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அறைகள் வந்தது 1972-ல். பிறகு கைமாறி, குழந்தை குட்டியோடு வருகிற நடுத்தரக் குடும்பத்துக்கு மலிவு அறை என்ற வழியில் போனபோதுதான் பணம் கொட்டியது. அந்த நிறுவனமே 1990-ல் ராஜா காலத்துக் கோட்டை மாதிரி எக்ஸ்காலிபர் கட்டியது. 1993-ல் எகிப்துப் பிரமிடு மாதிரி லக்ஸர். பிரமிடுக்குச் சுவர் சாய்வு என்பதால் அங்கே லிஃப்டும் 39 டிகிரி சாய்வாகத்தான் ஏறும். வேஷம் கட்டினால் லிஃப்ட் வரைக்கும் கட்ட வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காதது இன்னொன்று. அறை மலிவு என்று போர்டில் போட்டுவிட்டு, பணம் கட்டும்போது 'ரிசார்ட் ஃபீ' என்று ஒரு தொகையைச் சேர்க்கிற வழக்கம். அமெரிக்க அரசே தலையிட்டு, மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று 2025 மே மாதத்திலிருந்து விதி போட்டுவிட்டது. அதைப் பார்க்க, ஜன்னலுக்கு அறுநூறு என்று முகத்துக்கு நேரே சொன்ன நம்ம ரிசப்ஷன்காரர் எவ்வளவோ மேல்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்

நம் நாட்டில் மலிவு காசினோ ஹோட்டல் இருக்கிறதா என்று தேடிப்பார்த்தேன். கோவாவில் சட்டமே அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் சூதாட்டத் தடுப்புச் சட்டத்தை 1992-ல் திருத்தி, ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் மட்டும் மெஷின்கள் வைக்கலாம் என்றார்கள். பிறகு 1996-ல் கப்பல்களுக்கும் அனுமதி வந்தது. மாண்டவி ஆற்றில் நிற்கிற மிதக்கும் காசினோக்கள் அந்த வழியில் வந்தவை. லாட்ஜில் தங்குகிறவன் சூதாடினால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும், ஐந்து நட்சத்திரத்தில் தங்குகிறவனுக்கு அந்தப் பயமில்லை என்று சட்டம் எழுதினவர்கள் நினைத்தார்களோ என்னவோ. வரி போடுகிறவர்களும் அதே பாதையில்தான் போகிறார்கள். 2025 செப்டம்பரிலிருந்து 7,500 ரூபாய் வரையிலான ஹோட்டல் அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், காசினோவுக்கு 40.

தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் தொட்டு எல்லாமே தடைதான். ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2022-ல் சட்டமன்றம் தடைச் சட்டம் இயற்றியது. ரம்மி விவகாரம் கோர்ட்டுக்குப் போய்வந்தது. 2025-ல் மத்திய அரசே பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டது.

ஆனால் நம் மாவட்டத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. எல்லை பக்கத்தில் இருக்கிறது. மார்த்தாண்டம் தாண்டி, களியக்காவிளை தாண்டி, ரோட்டில் ஒரு கோட்டைக் கடந்தால் கேரளம். கடந்தவுடன் கண்ணில் படுவது லாட்டரிக் கடை. மேஜை போட்டு, குடை விரித்து, டிக்கெட்டுகளைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வாங்குகிறவர்களின் பேச்சைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டால் போதும், எந்தப் பக்கத்துக்காரர் என்று தெரிந்துவிடும்.

கேரள அரசு லாட்டரியைத் தொடங்கினது 1967-ல், நிதியமைச்சர் பி.கே.குஞ்ஞு காலத்தில். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. இந்தியாவில் ஒரு மாநில அரசு லாட்டரித் துறை என்று ஒன்றை அமைத்தது அப்போதுதான். நாம் 1956 நவம்பர் 1-லேயே திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம். பதினொரு வருஷம் பொறுத்திருந்தால் லாட்டரி வீட்டு வாசலுக்கே வந்திருக்கும் என்று ஒரு பெரியவர் களியக்காவிளையில் என்னிடம் சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். தமிழ்நாட்டிலும் அரசு லாட்டரி நடந்தது, 1968-லிருந்து. 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிக்கும் தடை வந்தது. அதற்கு முன்னால் சுரண்டல் லாட்டரியும் ஒரு நம்பர் லாட்டரியும் கூலிக்காரர்களின் அன்றாடக் கூலியை அன்றன்றைக்கே எப்படி உருவியது என்பதைப் பார்த்த எவரும் அந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனாலும் 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேருக்கு விழுந்த செய்தி வந்த அன்று, வடசேரி பஸ் ஸ்டாண்டில் களியக்காவிளை பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் எனக்குப் பட்டது.

சரி, லாட்ஜுக்கு வருவோம்.

கன்னியாகுமரி லாட்ஜுகளுக்கும் வேஷம் உண்டு. இங்கே வேஷம் சூரியன். பெயர்ப் பலகையில் சூரியன், படிக்கட்டுச் சுவரில் சூரியன், சாவிக்கொத்தில் பாறை, தலையணைக்கு மேலே சட்டம் போட்ட திருவள்ளுவர். விவேகானந்தர் பாறை நினைவாலயம் 1970-ல் வந்தது, ரயில் 1979-ல், 133 அடி வள்ளுவர் 2000 ஜனவரி 1-ல், இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில். ஒவ்வொன்றும் வரவர லாட்ஜுகளும் மாடி மாடியாக ஏறிக்கொண்டே போயின. அதில்தான் வில்லங்கம். இன்றைக்குக் கடல் பார்த்த ரூம், முன்னால் இருக்கிற மனையில் ஒருத்தர் நாலு மாடி எழுப்பிவிட்டால் நாளைக்குச் சுவர் பார்த்த ரூம். என் ஜன்னலில் பாதிக் கடல், மீதிப் பாதியில் பக்கத்து லாட்ஜின் கறுப்பு சிண்டெக்ஸ் டேங்க். அறுநூறில் முந்நூறு டேங்குக்குப் போயிற்று.

கிழக்கைப் பார்த்த வாசலில் வியாபாரம் இருக்கிறது என்பதை இந்த ஊரில் முதலில் அறிந்தவள் பகவதியம்மன். ஆனால் அவள் கோவிலின் கிழக்கு வாசல் வருஷத்தில் சில நாள் தவிர மூடியேதான் இருக்கிறது. அம்மன் மூக்குத்தியின் வைர வெளிச்சத்தைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதினதால் வாசலை அடைத்துவிட்டார்கள் என்பது ஐதீகம். சூரியன் உதிப்பதைப் பார்ப்பதற்கே நாடு முழுக்க இருந்து ஜனம் வருகிற ஊரில், ஊருக்குச் சொந்தக்காரி மட்டும் அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு இருக்கிறாள்.

கார்த்திகை மாசம், சீசன் உச்சம். ராத்திரி முழுக்க பஸ் வந்துகொண்டே இருந்தது. ஆந்திர ஐயப்பமார், கர்நாடக ஐயப்பமார், குஜராத்திக் குடும்பங்கள், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து டூர் பிள்ளைகள். பன்னிரண்டு மணிக்கும் காரிடாரில் வாளிச் சத்தம். தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

ஐந்தேகாலுக்குக் கதவைத் தட்டினார்கள். "சன்ரைஸ்! சன்ரைஸ்!" ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே ஒடிசாவிலிருந்து வந்த ரூம் பையன் மேலே போனான். இந்த ஊர் லாட்ஜுகளின் ஆகப் பழைய சேவை இதுதான். வேறெந்த ஊரில் இப்படித் தட்டினாலும் சண்டைக்கு வருவார்கள். ஜன்னலுக்குக் காசு கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது மொட்டைமாடியில்தான். அங்கே எனக்கு ஞானம் பிறந்தது. மொட்டைமாடிக்கு வாடகை கிடையாது.

நூறு பேருக்கு மேல் இருக்கும். போர்வையோடு கிழவிகள், தோளில் குழந்தைகள், கறுப்பு வேட்டிகள். மாதா கோவில் மணி ஒரு பக்கம், அம்மன் கோவில் ஒலிபெருக்கி ஒரு பக்கம். ஒரு மூலையில் கட்டஞ்சாயா விற்றார்கள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஒடிசாப் பையனும் லாட்ஜ் வாட்ச்மேனும் கிழக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வராது" என்றார் வாட்ச்மேன்.

"வரும்" என்றான் பையன்.

"என்ன பந்தயம்?" என்று கேட்டேன்.

"ஒரு சாயா, சார். டெய்லி" என்றான் பையன். "நவம்பர்ல நான் காலி. பன்னெண்டு சாயா குடுத்தேன்."

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சூரியன் பக்கம் பந்தயம் கட்டுகிறவன் அப்பாவி என்று வாட்ச்மேன் விளக்கினார். சித்திரை வைகாசியில் அவரே கட்சி மாறிவிடுவாராம். 37 குழிச் சக்கரத்தில் சீசன் பார்த்துக் கட்சி மாற வழியில்லை. வாத்தியாரை இங்கே கூட்டிவந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆறேகால் ஆயிற்று. கடலுக்கு மேலே ஒரு பனைமர உயரத்துக்கு மேகம் சுவர் மாதிரி நின்றது. ஆறரை. செல்போனைத் தூக்கிப் பிடித்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கீழே ஓடிவிட்டார்கள். ஒரு குஜராத்திப் பெரியவர் மட்டும் கைகூப்பியபடி நின்றார். அவருக்கு மேகம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஆறே முக்காலுக்கு மேகச் சுவரின் மேல்விளிம்பில் செம்பு நிறத்தில் ஒரு கோடு, பிறகு அரைக்காசு, பிறகு முழுக்காசு. மிச்சமிருந்த இருபது முப்பது பேர் கைதட்டினார்கள்.

"வந்தாச்சு! சாயா!" என்றான் பையன்.

"லேய், கடல்லேருந்து வந்தாத்தான் கணக்கு" என்றார் வாட்ச்மேன். "மேகத்துலேருந்து வந்தா அது உதயமாலே? அது அப்பவே உதிச்சாச்சு. நாம பாக்கல, அவ்வளவுதான்."

என்னைப் பார்த்தார்கள். படிச்ச மனுஷன் சொல்லட்டும் என்றார்கள். நான் இரண்டு பேருக்கும் சாயா வாங்கிக் கொடுத்துத் தப்பித்தேன்.

ஏழரைக்குச் சாவியைக் கொடுக்கக் கீழே போனேன். பையை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஜன்னல்ல சூரியன் வரல்லியே, அறுநூறு?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன்.

ரிசப்ஷன்காரர் சிரிக்கவில்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"நேத்தைக்கு முந்தின நாள் சுத்தமா வந்துது. கடல்லேருந்து, உருண்டையா. நாளைக்கு மேகம் குறையும்னு டிவியில சொன்னான். இன்னும் ஒரு நாள் இருந்து பாருங்களேன்."

கெந்திங்கில் இதை யாரும் வாயால் சொல்லவில்லை, விளக்குகள்தான் சொல்லிக்கொண்டிருந்தன. வடசேரி பஸ்ஸுக்கு எடுத்து வைத்த சில்லறை சட்டைப் பையில் இருந்தது. வெளியே எட்டு மணிப் படகுக்கு வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"அந்த டேங்க் மறைக்காத ரூம் ஏதாவது காலியா இருக்கா?" என்றேன்.

பேனாவைத் திறந்தார்.